எத்தனை மெஷின் இருக்கு?

வைகாசி முகூர்த்தத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வரும்போது அத்தான் பக்கத்தில் வந்து நின்றார். "மாப்ள, பாப்பாவ அந்தப் படிப்புல சேர்த்தது சரிதானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மண்டபத்து வாசலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பொறுங்க அத்தான், போகப்போகச் சரியாகும்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அக்கா மகளுக்கு அந்த டயாலிசிஸ் படிப்பை, அதாவது சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டெக்னீஷியன் படிப்பைச் சொன்னவன் நான். கல்லூரியைப் பார்த்து வந்தவனும் நான், கல்விக் கடனுக்கு வங்கிக்குக் கூடவே அலைந்தவனும் நான். அன்று ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து, என் மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய கணக்கை அன்றைக்குத்தான் போட்டேன்.

2019-இல் அவள் பிளஸ் டூ முடித்தாள். அறிவியல் குரூப், 600-க்கு 438. அரசுப் பள்ளி, அருப்புக்கோட்டைப் பக்கம். அத்தானுக்கு இரண்டு விசைத்தறி. வீட்டில் யாரும் அதுவரை கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி வேலைமேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. நீட் எழுதிப் பார்த்தாள், வரவில்லை. அந்த நேரத்தில் மதுரைக்குப் போகிற வழியெல்லாம் ஒரே மாதிரி பேனர்கள்: 'நீட் தேவையில்லை, மருத்துவத் துறையில் பட்டம், நூறு சதவீத வேலைவாய்ப்பு.' செவிலியர், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி, ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று ஒரு நீளப் பட்டியல். நான் டயாலிசிஸைக் கை காட்டினேன். எங்கள் தெருவிலேயே அப்போது மூன்று பேர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் கொண்டுவர மத்திய அரசு 2016-இல் தனித் திட்டமே அறிவித்திருந்தது. ஆள் தேவைப்படாமல் போகாது என்று நினைத்தேன். அதில் நான் தப்புச் செய்யவில்லை, ஆள் தேவைப்படத்தான் செய்கிறது. ஆனால் தேவை இருக்கிற வேலைக்குச் சம்பளமும் தானாக வந்துவிடும் என்று நினைத்தேனே, அங்கேதான் சறுக்கினேன்.

நோட்டில் எழுதிய கணக்கு

மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், மொத்தம் நான்கு வருடம். கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு 85,000 வீதம் மூன்று வருடத்துக்கு 2,55,000. இன்டர்ன்ஷிப் வருடத்தில் பிள்ளைகள் வேலைதான் செய்கிறார்கள், உதவித்தொகை கொடுப்பார்கள் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அந்த வருடத்துக்கும் 40,000 கட்டச் சொன்னார்கள். விடுதியும் சாப்பாடும் நான்கு வருடத்துக்கு 2,40,000. பரீட்சைக் கட்டணம், சீருடை, ரெக்கார்டு நோட்டு, போக வர பஸ் செலவு எல்லாம் சேர்த்து 45,000. கூட்டினால் 5,80,000. இதில் 3 லட்சம் கல்விக் கடன். மீதி 2,80,000-த்துக்கு அக்காவின் நகை அடகுக்குப் போனது, அத்தான் ஒரு தறியை விற்றார்.

இத்தனை நாளும் எங்கள் எல்லார் மனதிலும் இருந்த கடன் '3 லட்சம்'. அன்று ராத்திரிதான் அதை முழுசாகப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 75,000 வீதம் நான்கு தடவை கொடுத்தார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. அந்தக் காலம் முழுக்க வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். 10 சதவீதம் என்று வைத்தால், முதல் 75,000-த்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, கடைசியில் இரண்டு. மொத்தம் 1,05,000. ஆக, முதல் தவணை கட்டுகிற அன்றைக்குக் கடன் 4,05,000. அதைப் பத்து வருடத்தில் கட்ட மாதம் 5,352 ரூபாய். பத்து வருடத்துக்கு 6,42,000-த்தைத் தாண்டுகிறது. கையில் இருந்து போட்ட 2,80,000-த்தையும் சேர்த்தால் 9,22,000. நகை அடகு வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

வருமானம் குறைவான குடும்பங்களுக்குத் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று உண்டு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் போதும், அத்தானுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வங்கியில் கேட்டபோது கல்லூரிக்கு நாக் தரச்சான்று, அதாவது கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற தேசிய அமைப்பின் சான்று, இருக்கிறதா என்றார்கள். இல்லை. சரி, நர்சிங்குக்கு இருப்பதுபோல இந்தப் படிப்புக்கு ஏதாவது கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்றார்கள். அப்போது அப்படி ஒரு கவுன்சிலே கிடையாது. டெக்னீஷியன்களுக்கும் தெரபிஸ்டுகளுக்குமான தேசிய ஆணையச் சட்டம் 2021 மார்ச்சில்தான் வந்தது. சேர்வதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் ஒரு லட்சம் மிச்சம்.

இனி வரவு. கொரோனாவால் இழுத்து 2023 கடைசியில் படிப்பு முடிந்தது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சம்பளம் 13,500. பி.எஃப். 1,080, இ.எஸ்.ஐ. 102 போகக் கையில் 12,318. விடுதியும் சாப்பாடும் 6,000. ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கிய மாதமும் அதே சம்பளம்தான். 12,318-இல் 6,000 போனால் 6,318. அதில் 5,352 போனால் 966. ஒரு மாதத்துக்கு, ஒரு பட்டதாரிப் பிள்ளைக்கு, பஸ்ஸுக்கும் செருப்புக்கும் போனுக்கும் காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கும் சேர்த்து 966 ரூபாய். அந்த எண்ணை எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன். முதல் வருடத் தவணையை அத்தானும் நானும் பாதிப்பாதி கட்டினோம். அது அவளுக்கு இன்றைக்கும் உறுத்தல். அதனாலேயே தீபாவளிக்குக்கூட துணி எடுக்காமல் வந்து நின்றாள்.

இதைச் சொன்னால் பலரும் 'ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான்' என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கேரளத்தில் 2018-இல் தனியார் ஆஸ்பத்திரி செவிலியர்களுக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணை வந்தது. சும்மா வரவில்லை, செவிலியர்கள் சங்கம் கட்டிப் போராடி வாங்கினார்கள். டெக்னீஷியன் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு குரல் இன்னும் எழவில்லை. யூனிட்டுக்கு நான்கைந்து பேர், ஆளுக்கொரு ஷிப்டு, ஒருவரை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். நான்கு வருடம் படித்தவளுக்கும் ஒரு வருட டிப்ளோமா படித்தவருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் மாதம் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். அரசு வேலைக்குப் போகலாம் என்றாலும் பட்டம் தனியாக எடை கூட்டுவதில்லை. உதாரணத்துக்கு, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. வாரியம் நடத்தும் ஆய்வக நுட்பநர் (லேப் டெக்னீஷியன்) மூன்றாம் நிலைத் தேர்வுக்கு அடிப்படைத் தகுதியே பிளஸ் டூவுக்கு அப்புறம் ஓராண்டுச் சான்றிதழ் படிப்புதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களும் நன்றாகத்தான் வேலை பார்க்கிறார்கள். ஆனால் 'டிகிரி' என்ற சொல்லுக்காக மூன்று மடங்கு செலவு செய்கிற பெற்றோருக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்ல வேண்டாமா?

நான்கு மணி நேரம்

இந்த ஆதங்கத்தோடு இருந்தபோதுதான் அவள் வேலை செய்வதை முதல்முறையாகப் பக்கத்தில் இருந்து பார்க்க வாய்த்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு அங்கேதான் டயாலிசிஸ். அவர் மகன் ஊரில் இல்லை, நான் கூட்டிப் போனேன். காலை ஆறு மணி ஷிப்டு. போனதும் எடை பார்த்தாள். 60.4. போன தடவை முடித்துப் போனபோது 58. கூடுகிற எடை உடம்பில் தேங்குகிற தண்ணீர், அதையும் மெஷின்தான் எடுக்க வேண்டும். "சார், ரெண்டு நாள்ல ரெண்டரை கிலோ பக்கம் ஏத்திட்டு வந்திருக்கீங்க. மோர் குடிச்சீங்களா?" என்றாள். வாத்தியார் என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

இடது கையை நீட்டச் சொன்னாள். முன்கையில் நரம்பு புடைத்துக் கயிறு மாதிரி இருந்தது. ஃபிஸ்டுலா என்கிறார்கள். டயாலிசிஸுக்காகவே தமனியையும் சிரையையும் இணைத்து வைக்கிற சின்ன ஆபரேஷன். அதன்மேல் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சில நொடி நின்றாள். ரத்தம் ஓடுகிற அதிர்வு விரலில் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தமாம். என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினாள். பூனை நெஞ்சில் கை வைத்தால் உறுமுமே, அந்த மாதிரி இருந்தது. போன தடவை ஊசி போட்ட தழும்பைத் தேடி, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி இடம் பார்த்தாள். அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே வீங்கிவிடும். பருமனான ஊசி இரண்டு. ஒன்று ரத்தம் எடுக்க, ஒன்று திருப்பி விட. வாத்தியார் முகம் சுளிக்கவில்லை. பம்ப்பை ஓடவிட்டதும் கண்ணாடி மாதிரி இருந்த குழாய் ஒரு பக்கமாகச் சிவந்துகொண்டே போனது. நான்கு மணி நேரம் அந்த மெஷினுக்குள் 120 லிட்டர் சுத்தமான கரைசல் ஓடும் என்று சொன்னாள். எங்கள் வீட்டில் நாலு பேர் குளிக்கிற தண்ணீர்.

மூன்றாவது மணி நேரத்தில் வாத்தியாருக்குக் கால் இழுத்துக்கொண்டது, வியர்த்தது. நான் டாக்டரைக் கூப்பிட எழுந்தேன். அதற்குள் அவள் வந்து நீர் எடுப்பதை நிறுத்தி, கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தி, சலைன் விட்டு, மறுபடி பி.பி. பார்த்துவிட்டாள். அப்புறம் டாக்டருக்குப் போன் செய்தாள். எல்லாம் இரண்டு நிமிடம். அதே நேரத்தில் இன்னும் மூன்று மெஷின்களும் அவள் பொறுப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் கூடத்தான் செய்தது. இந்த வேலைக்கா 13,500? டீ குடிக்கும்போது அங்கே பதினைந்து வருடமாக இருக்கிற மூத்த டெக்னீஷியனிடம் அதைக் கேட்டேவிட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "சார், சம்பளம் கம்மிதான், நான் ஒத்துக்கிறேன். ஆனா இந்தப் புள்ள இங்க வந்தப்ப ஊசி போடத் தெரியாது. கை நடுங்கும். ஆறு மாசம் நான் கூடவே நின்னேன். பெரிய ஆஸ்பத்திரி காலேஜ்ல படிச்ச புள்ளைங்க வந்த மறுநாளே தனியா நாலு மெஷின் பார்க்கும். அவங்களுக்கு எடுத்த எடுப்புல பதினெட்டு இருபது கொடுப்பாங்க. படிச்ச இடத்துல மெஷினே இல்லேன்னா புள்ள என்ன சார் செய்யும்?"

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் போனில் கேட்டேன், உங்கள் கல்லூரியில் எத்தனை மெஷின் இருந்தது என்று. மூன்று, அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர் என்றாள். வகுப்பில் எத்தனை பேர்? முப்பது. இரண்டு மெஷின், ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று ஷிப்டு ஓடினாலும் ஆறு நோயாளி. அத்தனை ஷிப்டு ஓடியதே இல்லையாம். முப்பது பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். நடுவில் கொரோனா வேறு, ஒன்றரை வருடம் மெஷினைப் போனில்தான் பார்த்தார்கள். இன்டர்ன்ஷிப்புக்கு வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஏழாவது மாதம்தான் முதல்முறையாகத் தன் கையால் ஒருவருக்கு ஊசி போட்டிருக்கிறாள். "ஏம்மா அப்பவே சொல்லல?" என்றேன். "எல்லா காலேஜும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் மாமா" என்றாள்.

2019-இல் அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனவன் நான். கட்டடத்தைப் பார்த்தேன், விடுதியைப் பார்த்தேன், பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று வார்டனிடம் விசாரித்தேன், கேண்டீனில் சாப்பிட்டும் பார்த்தேன். டயாலிசிஸ் படிக்கப் போகிற பிள்ளைக்கு டயாலிசிஸ் மெஷின் எங்கே என்று கேட்கவில்லை. இந்தப் படிப்பில் நாம் காசு கொடுத்து வாங்குவது நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிற மணி நேரங்களைத்தான். 2021 சட்டமே அதைத்தான் அளவாக வைக்கிறது. துணை மருத்துவப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், அதற்கு மேல்நிலையில் இருக்கிற தெரபிஸ்டு போன்றவர்களுக்குக் குறைந்தது 3,600 மணி நேரம் படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அத்தனை மணி நேரத்தையும் காகிதத்தில் எழுதிவிடலாம். முப்பது பேருக்கு இரண்டு மெஷின் இருக்கிற இடத்தில் கையால் செய்து நிரப்ப முடியாது.

மே மாதத்து அவசரம்

நானும் அத்தானும் ஏன் அவ்வளவு சீக்கிரம் பணம் கட்டினோம் என்று யோசித்தால், பயம்தான். ரிசல்ட் வந்த வாரமே 'சீட் முடியப் போகுது, அட்வான்ஸ் போடுங்க' என்று போன்மேல் போன். அரசுக் கவுன்சிலிங்கோ பொறுமையாகத்தான் வரும். கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து டயாலிசிஸ் போன்ற படிப்புகளுக்குச் சேர்த்து நடத்துகிறது. மழைக்காலம் நெருங்குகிறவரை இழுக்கும். அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிற தைரியம் நமக்கு இல்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் வருடக் கட்டணம் சில ஆயிரம்தான். அதைவிட முக்கியம், அங்கே நோயாளிக்குப் பஞ்சமில்லை. ஒரு பிள்ளை கை ஓயும் வரை கற்றுக்கொள்ளலாம். அவள் மார்க்குக்கு நேரடி அரசு இடம் கிடைக்காவிட்டாலும், அரசு ஒதுக்கீட்டில் நல்ல ஆஸ்பத்திரி உள்ள தனியார் கல்லூரியாவது கிடைத்திருக்கலாம். நாங்கள் விண்ணப்பம்கூடப் போடவில்லை. இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்கிற கணக்கு ஒன்றுதான். அந்தப் படிப்பு முடித்துப் போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை ஒருவரைக் கண்டுபிடியுங்கள். கையில் என்ன வாங்குகிறது என்று கேளுங்கள். அதை 24 மாதத்தால் பெருக்குங்கள். மொத்தச் செலவு அதற்குள் இருந்தால் கடன் வாங்கலாம், தாண்டினால் வாங்காதீர்கள். எங்கள் விஷயத்தில் 12,318-ஐ 24-ஆல் பெருக்கினால் 2,95,632. நாங்கள் செலவழித்தது 5,80,000. வங்கிக்காரர்கள் ஒப்புக்கொள்ளும் கணக்கா இது என்று கேட்டால், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தவணை கட்டிய வீட்டுக்காரன் கணக்கு இது.

அதே சமயம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. இரண்டு வருடம் முடிந்ததும் அவள் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டாள், 19,500. அந்த மூத்த டெக்னீஷியன் கூடவே நின்று கொடுத்த ஆறு மாதம்தான் அந்த 6,000 ரூபாய் உயர்வுக்குக் காரணம். அவருக்கு எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. வளைகுடாவுக்குப் போக இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், அது இப்போது இருக்கிறது. சான்றிதழ்களைச் சரிபார்க்கிற டேட்டாஃப்ளோ நிறுவனத்துக்குப் பணம் கட்டிவிட்டு, அங்கே வேலை பார்க்க எழுத வேண்டிய பிரோமெட்ரிக் தேர்வுக்கு ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து படிக்கிறாள். தவணை முழுசும் அவளே கட்டுகிறாள். நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. அத்தானிடம் போய் நோட்டைக் காட்டி, படிப்பு சரிதான், கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததில் நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அவர் கூட்டல் எல்லாவற்றையும் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, "தறிக்கு நூல் வாங்கும்போது இழுத்துப் பார்த்துத்தான மாப்ள வாங்குவோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு அவளும் வந்திருந்தாள். அத்தானின் பெரியப்பா பேரன் ஒருவன் அந்த வருடம் பிளஸ் டூ. ரேடியாலஜி படிக்க ஒரு கல்லூரியில் திங்கட்கிழமை 25,000 அட்வான்ஸ் கட்டப் போவதாக அவன் அப்பா சொன்னார். அவள் பையனைத் தனியாக உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி கல்லூரிக்குச் சொந்தமா, எக்ஸ்ரே எத்தனை, சி.டி. இருக்கா, எம்.ஆர்.ஐ. இருக்கா, ஒரு நாளைக்கு எத்தனை படம் எடுக்கிறார்கள், வகுப்பில் எத்தனை பேர், இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கொடுப்பார்களா வாங்குவார்களா.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பையனின் அப்பா எனக்குப் போன் செய்தார். அட்மிஷன் ஆபீசில் தாளைக் காட்டியிருக்கிறார். "அதெல்லாம் சேர்ந்தப்புறம் டிபார்ட்மெண்ட்ல கேட்டுக்கோங்க" என்றார்களாம். ஆஸ்பத்திரிப் பக்கம் தானே நடந்து போய்ப் பார்த்தாராம். எக்ஸ்ரே அறை பூட்டியிருந்தது. உடனே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பின்னால் மெஷின் அலாரம் அடிப்பது கேட்டது.

"அட்வான்ஸ் கட்டலைல்ல மாமா?"

"கட்டலம்மா. பையோட திரும்பி வந்துட்டாராம்."

"சரி, கவுன்சிலிங் அப்ளிகேஷன் நான் வந்து போட்டுத் தரேன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப்" என்றவள், "வெச்சிடறேன் மாமா, பேஷண்ட் கூப்பிடறாங்க" என்று போனை வைத்துவிட்டாள்.